ஒரே ஒரு பூமியை வைத்துப் போடும் கணக்கு

1961 நவம்பரில் அமெரிக்காவின் கிரீன் பேங்க் வானியல் ஆய்வகத்தில் விஞ்ஞானிகள் சிலர் கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்காக வானியலாளர் ஃபிராங்க் டிரேக் எழுதிய சமன்பாடு இன்றும் பேசப்படுகிறது. ஏழு எண்களைப் பெருக்கினால், நம் பால்வீதியில் தொடர்புகொள்ளக்கூடிய நாகரிகங்கள் எத்தனை என்று தெரிந்துவிடும். அவர்களுக்கு வந்த விடை ஆயிரத்திலிருந்து பத்துக் கோடி வரை!

அந்த ஏழில் முதல் சில எண்கள் இன்று ஓரளவு கைக்கு வந்துவிட்டன. கோள்களே இல்லாத நட்சத்திரம்தான் அபூர்வம் என்று கெப்ளர் தொலைநோக்கி காட்டிவிட்டது. சிக்கல், தகுந்த கோளில் உயிர் தோன்ற எவ்வளவு வாய்ப்பு என்பதில்தான். வேதிப்பொருள் எப்படி உயிரானது என்பதே புரியாதபோது அந்த எண் ஒன்றாகவும் இருக்கலாம், கோடி கோடியில் ஒன்றாகவும் இருக்கலாம்.

பூமிக்கு வயது 454 கோடி ஆண்டுகள். 350 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளிலேயே நுண்ணுயிர்த் தடயங்கள் உண்டு. இவ்வளவு சீக்கிரம் தோன்றியதால், உயிர் எளிதில் தோன்றும் என்கிறார்கள் பலர். நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நுண்ணுயிரிலிருந்து மனிதன்வரை வர அத்தனை கோடி ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. உயிர் தாமதமாகத் தோன்றிய கோளில் இந்தக் கேள்வியைக் கேட்கவே ஆள் இருந்திருக்காது. உயிர் மிக அபூர்வம் என்ற முடிவுக்கும் பூமியின் வரலாறு இடம்கொடுக்கிறது என்று 2012இல் ஸ்பீகல், டர்னர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் புள்ளியியல் முறையில் காட்டினார்கள்.

இன்னொரு பொறி, சராசரி. 2018இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் மூவர் ஓர் எளிய உதாரணம் தந்தார்கள். அறிவுள்ள உயிர் உருவாக ஒன்பது படிகள், ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு வாய்ப்பு என்று வையுங்கள். பெருக்கினால் 100 கோடியில் ஒன்று. 10,000 கோடி நட்சத்திரங்கள் இருந்தால் நூறு இடங்களில் நாகரிகம் இருக்கும். பால்வீதி காலியாக இருக்க வாய்ப்பே இல்லை. இப்போது, ஒவ்வொரு வாய்ப்பும் பூஜ்யத்துக்கும் பத்தில் இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது, எங்கே என்று தெரியாது என ஒப்புக்கொள்ளுங்கள். சராசரி அதே நூறுதான். ஆனால் பால்வீதி காலியாக இருக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றைத் தாண்டிவிடுகிறது. ஓரிரு எண்கள் மிகச் சிறியவையாக அமைந்தாலே மொத்த விடையும் சரிந்துவிடுகிறது. அதனால் ‘இத்தனை நாகரிகங்கள்’ என்று ஒற்றை எண்ணோடு வரும் செய்தியை நான் நம்புவதில்லை.

பூமி என்ற ஒரே சான்றை வைத்துக் கணக்குப் போடும் இந்த நிலையை மாற்ற இன்னொரு சான்று வேண்டும். செவ்வாயில் நுண்ணுயிர் கிடைத்தாலும், விண்கற்கள் வழியே பூமியிலிருந்து போயிருக்குமோ என்ற சந்தேகம் நிற்கும். சனியின் என்செலடஸ், வியாழனின் யூரோப்பா ஆகிய நிலவுகளின் பனிக்கடியிலுள்ள கடல்களில் உயிர் கிடைத்தால் அந்தச் சந்தேகம் பெரிதும் குறையும். 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடையும். அதுவும் உயிரைத் தேடப் போகவில்லை. உயிர் வாழத் தக்க சூழல் அங்கே உண்டா என்றுதான் பார்க்கப்போகிறது.