வீட்டு விலை இறங்கிட்டுது, வரி ஏன் இறங்கேல்லை?

"வீட்டு விலை விழுந்துபோச்சு, வரி மட்டும் ஏன் கூடியிருக்கு?" 2025இல் நகரசபையின் புதிய 'குருண்ட்ஸ்ரொயர்' கடிதம் கிடைத்ததில் இருந்து, ஜேர்மனியில் சொந்த வீடு வைத்திருக்கிற எங்கட ஆட்கள் பலர் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காரணத்தை மட்டும் எழுதி ஆட்சேபணை அனுப்பினால் வெல்ல முடியாது.

ஊரில் சோலைவரி கட்டினோமே, அதே மாதிரியான வரிதான் இது. முன்பு மேற்கு ஜேர்மனியில் 1964ஆம் ஆண்டுப் பெறுமதியையும் கிழக்கில் 1935ஆம் ஆண்டுப் பெறுமதியையும் வைத்துக் கணக்கிட்டார்கள். அது சமத்துவத்துக்கு முரண் என்று 2018 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் எல்லா வீடுகளும் 2022 ஜனவரி 1ஆம் திகதி நிலைமைப்படி புதிதாக மதிப்பிடப்பட்டன. அப்போது விலை உச்சத்துக்குக் கிட்ட இருந்தது. 2023இல் மட்டும் சராசரி விலை 8 வீதத்துக்கு மேல் இறங்கியது. ஆனால் சட்டம் பார்ப்பது அந்த ஒரு நாளைத்தான். அடுத்த பொது மதிப்பீடு 2029இல்தான்.

எது எடுபடும்?

முதலாவது, தரவுப் பிழை. வதிவிடப் பரப்பு, கட்டிய ஆண்டு, காணியின் அளவு மூன்றையும் வீட்டு உறுதியோடும் வரைபடத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிலவறையையும் வதிவிடப் பரப்பில் சேர்த்து எழுதியிருந்தால் பெறுமதி கூடிவிடும்.

இரண்டாவது, 40 வீத விதி. திருத்தவேலை செய்யாத பழைய வீட்டின் உண்மை நிலை இந்தக் கணக்கில் சரியாகத் தெரியாது. 2024 மேயில் உச்ச வரி நீதிமன்றம் இதைக் கவனித்தது, பிறகு சட்டமும் திருத்தப்பட்டது. உண்மை விலை 3,00,000 யூரோ என்றால், வரி அலுவலகம் போட்ட பெறுமதி குறைந்தது 4,20,000 ஆக இருக்கவேணும். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையோ, 2022 ஜனவரி 1க்கு ஒரு வருடம் முன்பின் நடந்த விற்பனை விலையோ சான்றாகும்.

செலவையும் பாருங்கள். நோர்த்ரைன் வெஸ்ட்பாலனில் நகரசபை வீதம் 600 என்றால், 4,20,000க்கு வரி வருடம் சுமார் 781 யூரோ, 3,00,000க்கு 558. மிச்சம் 223 யூரோ. மதிப்பீட்டாளருக்கு ஆயிரம் யூரோ கொடுத்தால் அதை எடுக்க நாலைந்து வருடம் பிடிக்கும்.

இந்த விதி கூட்டாட்சி முறையைப் பின்பற்றும் மாநிலங்களுக்குத்தான். பவேரியா, பாடன் வூர்ட்டம்பேர்க், ஹெஸன், நீடர்சாக்ஸன், ஹம்பூர்க் ஐந்துக்கும் தனித்தனி முறை. பவேரியாவில் பரப்பளவுதான் கணக்கு, விலை பற்றிய பேச்சே இல்லை.

எங்கே, எப்போது?

பெறுமதியை முடிவுசெய்வது வரி அலுவலகமான 'ஃபினான்ஸ்அம்ட்', நகரசபை இல்லை. அதனால் பெறுமதிக் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் 'ஐன்ஸ்புறுக்' எனும் ஆட்சேபணையை அங்கேதான் எழுத்தில் கொடுக்கவேணும். கட்டணம் இல்லை. ஆட்சேபணை போட்டாலும் வரியைக் கட்டத்தான் வேணும், வென்றால் திரும்ப வரும்.

தவணை போயிட்டுதா? கைவிட வேண்டாம். பிழையைத் திருத்தினால் பெறுமதி 15,000 யூரோவுக்கு மேல் மாறும் என்றால் இப்போதும் விண்ணப்பிக்கலாம். ஆனால் திருத்தம் பிழை தெரியவந்த வருடத்தில் இருந்துதான் செல்லும், பழைய வருடங்களுக்குக் காசு வராது. அதனால் அந்தப் பெறுமதிக் கடிதத்தை இந்தக் கிழமையே தேடி எடுங்கள்.