ஒரே ஒரு சத்து மாத்திரை என்றால் எது?

எல்லாருக்கும் பொதுவான விடை கிடையாது. ஆனால் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்கு விடை உறுதி: ஃபோலிக் அமிலம், நாளுக்கு 400 மைக்ரோகிராம்.

ஏன்? கருவில் முதலில் தட்டையாக இருக்கும் ஒரு செல் படலத்தின் இரு ஓரங்களும் எழும்பி, பாயைச் சுருட்டுவதுபோல் மடிந்து, குழாயாக ஒட்டிக்கொள்கின்றன. அதன் மேல்முனைதான் மூளை, மீதி தண்டுவடம். செல்கள் வேகமாகப் பெருகும் நேரம் அது. டி.என்.ஏ.வை நகலெடுக்க ஃபோலேட் (மாத்திரையில் ஃபோலிக் அமிலமாக இருப்பது) தேவை. அது போதாவிட்டால் குழாய் எங்காவது மூடாமலே நின்றுவிடலாம்.

கருவுற்ற 28 நாளுக்குள் இதெல்லாம் முடிந்துவிடுகிறது. நாள் தள்ளிப்போய், பரிசோதித்து, டாக்டரிடம் போவதற்குள் பல சமயம் குழாய் மூடும் கட்டம் கடந்திருக்கும். அதனால் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். திருமணமான புதிதிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது என்பேன்.

1991-இல் வெளியான பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வில், இப்படிக் குழாய் மூடாத குறையுள்ள குழந்தையை முன்பு சுமந்த பெண்களுக்கு நாளுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். மீண்டும் வரும் அபாயம் 72 சதவீதம் குறைந்தது. இந்தக் கூடுதல் அளவை மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

கீரையிலும் பயறிலும் ஃபோலேட் உண்டு. ஆனால் வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் அதில் கணிசமான பகுதி நீரோடு போய்விடுகிறது.