கேம் கன்சோலில் இன்னும் 4 பட்டன்... வயர் இழுக்க இடமில்லாவிட்டால் என்ன வழி?

திருப்பூர் பெல்ட்டில் பட்டன் என்றதும் நினைவுக்கு வருவது போலோ டி-ஷர்ட்தான். ஆனா, ராஸ்பெர்ரி பை போர்டை வைத்து வீட்டிலேயே கையடக்க கேம் கன்சோல் செய்பவர்களுக்கு பட்டன் என்றால் வேறு தலைவலி.

ஏன் பட்டன் போதவில்லை?

1989-ல் வந்த நின்டெண்டோ கேம் பாயில் மொத்தம் 8 பட்டன். நான்கு திசைகள், ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட், அவ்ளோதான். 1990-ல் வந்த சூப்பர் ஃபேமிகாமில் எக்ஸ், ஒய், எல், ஆர் சேர்ந்து 12 ஆனது. பழைய கேம் பாய் கூட்டுக்குள் பை போர்டை வைப்பவர், சூப்பர் ஃபேமிகாம் கேம்களையும் ஆட நினைத்தால் 4 பட்டன் குறையும். கூட்டில் ஓட்டை போட்டு பட்டனைப் பொருத்திவிடலாம். அதன் வயரை எங்கே கொடுப்பது?

40 பின் இருந்தும் பற்றாக்குறையா?

போர்டில் உள்ள 40 பின்களில் பட்டன் மாதிரியான வேலைகளுக்குப் பயன்படுபவை 28தான். மீதி மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும். திரையை டிபிஐ முறையில் இணைத்தால் 24 பிட் வண்ணத்துக்கு அந்த 28-ம் போய்விடும். 18 பிட்டாகக் குறைத்தாலும் 22 போகும், மிச்சம் 6. பட்டனோ 12!

6 பின்னில் 12 பட்டன் எப்படி?

வழக்கமான முறையில் பட்டனின் ஒரு கால் பின்னுக்கு, மறு கால் கிரவுண்டுக்கு. பட்டனுக்கு ஒரு பின் வேண்டும்.

அடுத்த வழி மேட்ரிக்ஸ். நிட்டிங் மெஷின் ஓட்டுபவர்களிடம் சொன்னால் சட்டென்று புரியும். எந்த ஃபீடரில் நூல் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும். எங்கே அறுந்தது என்பதை அந்த ஃபீடரின் விளக்கு காட்டும். கன்சோலில் அந்த விளக்கு கிடையாது. அதற்குப் பதில் பட்டன்களைப் படுக்கை வரிசை, நெடுக்கு வரிசை எனக் கட்டி, போர்டு ஒவ்வொரு வரிசையாகக் கேட்டுப் பார்க்கிறது. 4 பின்னும் 3 பின்னும் சேர்ந்தால் 12 பட்டன். அசல் கேம் பாயும் தன் 8 பட்டன்களை 2 தேர்வுக் கம்பி, 4 உள்ளீட்டுக் கம்பி என 6 கம்பியில்தான் படித்தது.

ஒரு சிக்கல் உண்டு. சதுரத்தின் மூன்று மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், தொடாத நான்காவது பட்டனும் அழுத்தியதாகத் தெரியும். சண்டை கேமில் உதைக்கப் போய் குதித்துவிடுவீர்கள். பட்டனுக்கு ஒரு 1என்4148 டையோடு போட்டால் சரியாகிவிடும்.

ஆனால் மேட்ரிக்ஸுக்கு 7 பின் தேவை, கையில் 6தான் இருக்கிறது. அப்போது கைகொடுப்பது எம்சிபி23017 என்ற சிப். ஐ2சி என்ற முறையில் இரண்டே கம்பியில் போர்டோடு பேசி, 12 பட்டன்களையும் படித்துக் கொடுக்கும். மிச்சமுள்ள பின்களில் இரண்டை ஐ2சி-யாக சாஃப்ட்வேரில் அமைத்துக்கொள்ளலாம். இதுவும் வேண்டாம் என்றால், ஏடிமெகா32யு4 சிப் உள்ள சின்ன போர்டை யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்காக மாற்றி இணைக்கலாம்.

எங்கே போர்டு புகையும்?

பை போர்டின் பின்கள் தாங்குவது 3.3 வோல்ட்தான். பக்கத்திலேயே 5 வோல்ட் பின்னும் இருக்கிறது. பட்டன் வயர் தவறுதலாக அதில் பட்டால் பின் போகும், சில நேரம் போர்டே போகும். பட்டனை கிரவுண்டுக்குத்தான் இணைக்க வேண்டும். எம்சிபி23017-க்கும் 3.3 வோல்ட்டே கொடுக்க வேண்டும். பட்டனை அழுத்தாதபோது பின் தடுமாறாமலிருக்க, சாஃப்ட்வேரில் உள் 'புல்-அப்' ரெசிஸ்டரை ஆன் செய்ய வேண்டும்.

சால்டரிங் அயர்னைத் தொடும் முன் லித்தியம் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அதன் மீது நேரடியாகச் சூடு வைக்கவே கூடாது.

கூட்டை மூடும் முன் மல்டிமீட்டரில் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பாருங்கள். ஸ்க்ரூவை முறுக்கி மூடிய பிறகு தப்பு தெரிந்தால், தையல் முழுசையும் பிரிப்பது மாதிரிதான்!