இயற்கை, வளர்ப்பு, பண்பாடு: பெங்களூருத் தமிழ்க் குழந்தைகளின் மொழிநிலை

0. முன்னுரை

குழந்தையின் வாழ்வை உருவாக்குவது பிறப்பா, வளர்ப்பா என்னும் வினா பழமையானது. 'நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை' என்ற பழமொழி பிறப்பைச் சுட்டுகிறது; 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது வளர்ப்பைச் சுட்டுகிறது. இவ்விரண்டையும் எதிரெதிர் நிலைகளாக நிறுத்தி அறிவியல் வினாவாக்கியவர் பிரான்சிஸ் கால்ட்டன் (1874). பின்னர் மானிடவியலார் மூன்றாவது கூறாகப் பண்பாட்டைச் சேர்த்தனர். இம்மூன்றும் குழந்தையின் மொழியில் எவ்வாறு செயற்படுகின்றன என்பதைப் பெங்களூருவில் வாழும் தமிழ்க் குழந்தைகளை முன்னிறுத்தி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொழிபெயர்ப்பாளர் இங்கு ஒன்றைக் கருத வேண்டும். 'வளர்ப்பு', 'பண்பாடு' ஆகிய இரண்டும் தமிழில் உழவோடு உறவுடைய சொற்கள். பயிரை வளர்க்கிறோம், நிலத்தைப் பண்படுத்துகிறோம். வளர்ப்பு தனிப்பயிரை நோக்கியது; பண்பாடு நிலம் முழுவதையும் நோக்கியது. இவ்வேறுபாட்டைக் கொண்டே இக்கட்டுரை அச்சொற்களைக் கையாளுகிறது.

1. பிள்ளைத்தமிழ் காட்டும் பாகுபாடு

தமிழ் மரபில் குழந்தை வளர்ச்சியைப் பருவங்களாகப் பகுத்தது பிள்ளைத்தமிழ். பாட்டியல் நூல்கள் பருவங்களை மாதங்களோடு பொருத்திக் கூறும். மாதக் கணக்கில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் முதல் ஏழு பருவங்களும் இருபாற்கும் பொது. தலையெடுத்தல், கைகொட்டல், நடந்து வருதல் ஆகியன இவற்றுள் அடங்கும். இறுதி மூன்று பருவங்களே வேறுபடுகின்றன: ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர், பெண்பாற்குக் கழங்கு, அம்மானை, ஊசல் முதலியன.

உடல் முதிர்ச்சியால் நிகழ்வன பொதுவாகவும், சமுதாயம் வகுத்த விளையாட்டுகள் பால்வழி வேறாகவும் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. இயற்கை முடிந்து பண்பாடு தொடங்கும் எல்லையை இப்பாகுபாடு ஓரளவு காட்டுகிறது எனலாம்.

2. இயற்கை

மொழித்திறன் மனித இனத்துக்கு இயல்பாக அமைந்தது என்பதை நாம் சாம்ஸ்கி 1959இல் ஸ்கின்னரின் நூலுக்கு எழுதிய மதிப்புரையில் வலியுறுத்தினார். அத்திறன் உரிய பருவத்துக்குள் தூண்டப்பட வேண்டும் என்பதை எரிக் லென்னபெர்க் (1967) விளக்கினார். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்னும் பழமொழியின் அறிவியல் வடிவம் இதுவெனலாம். பேச்சுக் குறை தலைமுறைகளாகத் தொடர்ந்த ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தை ஆராய்ந்து, ஃபாக்ஸ்-பி2 என்னும் மரபணுவின் பிறழ்வே காரணம் என 2001இல் கண்டறிந்தனர்.

எனினும் மரபணு தருவது மொழித்திறனையே. குறிப்பிட்ட ஒரு மொழியை அன்று. தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த குழந்தையிடம் தமிழ் 'இரத்தத்தில்' இருப்பதில்லை. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஆங்கிலச் சூழலில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இந்தியின் பல்லொலியையும் நாமடி ஒலியையும் வேறுபடுத்தி உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் அத்திறன் பெரிதும் குன்றியது. இந்திச் சூழலில் வளர்ந்த குழந்தைகளிடம் அது நிலைத்தது. குழந்தை எல்லா மொழிகளுக்கும் செவி திறந்து பிறக்கிறது. கேட்கும் மொழிக்கேற்ப அச்செவி கூர்மையடைகிறது.

3. வளர்ப்பு

மொழியைப் பெறுவதில் பெற்றோருடன் நிகழும் ஊடாட்டத்துக்கு முதன்மை தந்தவர் ஆர். நரசிம்மன். இந்தியாவின் தொடக்கக் காலக் கணிப்பொறிகளுள் ஒன்றான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய இவர், பின்னர் மொழி நடத்தையை ஆராய்ந்து 1981இல் நூல் வெளியிட்டார். தமிழ்க் குழந்தை ஒன்றின் ஒன்பதாம் மாதம் முதல் முப்பத்து மூன்றாம் மாதம் வரையிலான உரையாடல் பதிவுகள் இவர் வழியாகவே உலகக் குழந்தைமொழித் தரவுத் தொகுப்பில் இடம்பெற்றன.

பெங்களூருவில் இவ்வளர்ப்புச் சூழல் ஒருமொழிச் சூழலன்று. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பலவிடங்களில் தெலுங்கும் உருதுவும், பள்ளியில் ஆங்கிலம் எனக் குழந்தை கேட்கிறது. தமிழும் கன்னடமும் ஒரு குடும்பத்தன எனினும் குழந்தை பிரித்தறிய வேண்டியவை பல. கன்னடத்தில் 'கருப்பு' எனப் பொருள்தரும் சொல் ஒலிப்பிலாக் ககரத்தோடும், 'இறகு' எனப் பொருள்தரும் சொல் ஒலிப்புடைக் ககரத்தோடும் தொடங்கும். தமிழெழுத்தில் இரண்டும் 'கரி' என்றே அமையும். தமிழ்ப் பகரம் கன்னடத்தில் ஹகரமாதலும் (பால் - ஹாலு, புலி - ஹுலி), ழகரம் ளகரமாதலும் (ஏழு - ஏளு) அறிந்தனவே.

இலக்கண நிலையில் ஒன்று சுட்டத்தக்கது. முன்னிலையாரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என்னும் வேறுபாடு தமிழில் உண்டு; இக்காலக் கன்னடத்தில் 'நாவு' ஒன்றே. தமிழ் கேட்கும் அளவு குறையும்போது குழந்தை இவ்வேறுபாட்டைக் காக்கிறதா என்பது களஆய்வாளர் உற்றுநோக்க வேண்டிய இடமாகும். மாறாக, ழகரத்தை ளகரமாக ஒலிப்பதைக் கன்னடத் தாக்கம் என உடனே முடிவுகட்டலாகாது. தமிழகத்து வட்டார வழக்குகள் பலவற்றிலும் அது உண்டு.

பல மொழிகளைக் கேட்பதால் பேச்சு தாமதமாகும் என அஞ்சி வீட்டுமொழியைக் கைவிடும் பெற்றோர் உளர். இவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை. பன்மொழிச் சூழல் மொழிக்குறைபாட்டை உண்டாக்குவதில்லை. உண்மையான குறைபாடு குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் வெளிப்படும். எனவே, ஒரு மொழியில் மட்டும் சோதித்துக் குழந்தையைக் குறையுடையது எனல் பிழை. வீட்டுமொழியை நிறுத்தினால் குழந்தை இழப்பது பாட்டியோடும் தாயோடும் பேசும் வாயிலையே.

4. பண்பாடு

குழந்தையிடம் எவ்வாறு பேசுவது என்பதையும் பண்பாடே வகுக்கிறது. பாப்புவா நியூகினியின் கலுலி மக்கள் கைக்குழந்தையை உரையாடல் துணையாகக் கருதிப் பேசுவதில்லை என எலினார் ஆக்சும் பாம்பி ஷீஃபலினும் (1984) காட்டினர். அக்குழந்தைகளும் முறையாகவே பேசக் கற்கின்றன. தமிழ் வீடுகளிலோ 'மம்மம்', 'பாச்சி' போன்ற மழலைச் சொற்களைப் பெரியவர்களே முதலில் சொல்கின்றனர்.

பண்பாட்டின் ஆற்றல் மிகுதியாகப் புலப்படுவது எழுத்தறிவில். 1809இல் பெங்களூருவில் படைக்குடியிருப்பு அமைந்தபின், சென்னை மாகாணத்திலிருந்து படைவீரரும் வணிகரும் தொழிலாளரும் அங்குக் குடியேறினர். அல்சூர், சிவாஜிநகர்ப் பகுதிகளில் தமிழ் வேரூன்றியது. குடியிருப்பும் பழைய நகரமும் 1949இல் ஒரே மாநகராட்சியாயின. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கர்நாடக மக்களுள் ஏறத்தாழ 3.5 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தனர்.

தொடக்கக் கல்வி தாய்மொழியிலோ கன்னடத்திலோ அமைய வேண்டும் எனக் கர்நாடக அரசு 1994இல் ஆணையிட்டது. நீண்ட வழக்கின் முடிவில், 2014 மே மாதம் உச்சநீதிமன்றம், குழந்தையின் தாய்மொழி எதுவென முடிவுசெய்வோர் பெற்றோரே என்றும், பயிற்றுமொழியை அரசு வலிந்து சுமத்தலாகாது என்றும் தீர்ப்பளித்தது. இங்குத் 'தாய்மொழி' என்னும் சொல் பிறப்பினின்று விலகித் தெரிவாகிறது. இதனை மொழிபெயர்ப்போர் 'தாயின் மொழி', 'முதன்மொழி', 'வீட்டுமொழி' என்பவற்றை ஒன்றெனக் கொள்ளின் தீர்ப்பின் பொருளே மாறிவிடும். 2015ஆம் ஆண்டுச் சட்டம் கர்நாடகப் பள்ளிகளில் கன்னடத்தைக் கற்பிக்க வேண்டிய மொழிகளுள் ஒன்றாக்கியது. வாழும் நிலத்தின் மொழியைக் குழந்தை கற்பது முறையே. ஆனால், ஆங்கிலமும் கன்னடமும் கற்கும் பள்ளியில் தமிழுக்கு இடமில்லையாயின், தமிழைச் சரளமாகப் பேசும் குழந்தை அதனைப் படிக்கவும் எழுதவும் அறியாமல் வளர்கிறது.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால், இயற்கை எம்மொழியையும் பெறும் திறனைத் தருகிறது; வளர்ப்பு அத்திறனுக்குப் பேச்சுமொழிகளைத் தருகிறது; பண்பாடு, அவற்றுள் எது எழுத்தாகவும் கல்வியாகவும் நிலைக்கும் என்பதை முடிவு செய்கிறது என்பது புலனாகும். தமிழ் படிக்க அறியாத குழந்தையைக் குறைகூறுவதும், அதன் தாயைப் பழிப்பதும் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுவனவாகும். மூன்றாவது கூறு மனிதர் அமைத்தது, ஆதலின் மாற்றத்தக்கது. வீட்டில் நாள்தோறும் ஒரு கதை தமிழில் படிக்கக் கேட்கும் குழந்தைக்கு எழுத்தின் வாயில் திறந்தே இருக்கும். அக்கதை இருமொழிப் பதிப்பாக, தமிழும் கன்னடமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமையுமாயின், வீட்டுக்கும் தெருவுக்கும் அது பாலமாகும். அத்தகைய நூல்களை ஆக்கித் தருதல் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கைகோத்துச் செய்யத்தக்க பணியாகும்.