மூன்றாவது வாரமே நாறுகிறதா உங்கள் கம்போஸ்ட் பக்கெட்? காரணம் இதுதான்!

பால்கனியில் கம்போஸ்ட் போட ஆரம்பிக்கும் பலரும் மூன்றாவது வாரத்தைத் தாண்டுவதில்லை. முதலில் லேசான வாடை, பிறகு ஈ, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் காலிங் பெல். வாடகை வீடு என்றால் ஓனரிடம் இருந்து போன் வேறு. விளைவு, பக்கெட் குப்பைத்தொட்டிக்குப் போகும், காய்கறிக் கழிவு பழையபடி கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போகும்.

இத்தனைக்கும் தப்பு காய்கறித் தோலில் இல்லை. பக்கெட்டுக்குள் போகாத ஒரு பொருள்தான் பிரச்சினை. அது காய்ந்த இலை.

தக்காளியில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர். சுரைக்காய், வெள்ளரி, தர்பூசணித் தோல் எல்லாமே கிட்டத்தட்ட அப்படித்தான். இவை மட்க மட்க அந்தத் தண்ணீர் வெளியே வந்து, இடைவெளிகளை எல்லாம் அடைத்துவிடும். காற்று இல்லாத இடத்தில் நல்ல நுண்ணுயிர்கள் ஓய்ந்துபோய், காற்றே தேவைப்படாத வகை பெருக ஆரம்பிக்கும். நாற்றம் அவற்றின் வேலை. காய்ந்த இலை அந்த ஈரத்தை உறிஞ்சி, காற்றுக்கும் வழி விடுகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் தேவை. சமையலறைக் கழிவில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம். தராசு எல்லாம் வேண்டாம். ஒரு கிண்ணம் கழிவு போட்டால், நொறுக்கிய சருகு இரண்டு கிண்ணம் போடுங்கள், போதும்.

சருகுக்கு எங்கே போவது?

அபார்ட்மென்ட் வாசலில் தினமும் கூட்டிக் குவிப்பதைத்தான் பல இடங்களில் கொளுத்துகிறார்கள். வாட்ச்மேனிடம் சொல்லிவைத்தால் ஒரு சாக்கு கிடைத்துவிடும். புங்கம், வேம்பு மாதிரி சிறிய இலைகள் சுலபமாக மட்கும். மாவிலையும் நாட்டு வாதாம் இலையும் அப்படியே போட்டால் தட்டுத் தட்டாக ஒட்டிக்கொள்ளும், நொறுக்கித்தான் போடணும். அதுவும் இல்லையா? வீட்டில் குவியும் டெலிவரி அட்டைப்பெட்டிகளில் டேப்பையும் ஸ்டிக்கரையும் உரித்துவிட்டு, துண்டு துண்டாகக் கிழித்துப் போடலாம். தென்னை நார்க்கழிவு, அதாவது கோகோபீட்டும் நல்லதுதான். ஆனால், அதில் உப்பு இருக்கும். ஊறவைத்து, இரண்டு முறை அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பக்கெட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். 20 லிட்டர் பெயின்ட் டப்பா ஒன்றை நன்றாகக் கழுவி, பக்கவாட்டிலும் அடியிலும் துளை போட்டு, அடியில் ஒரு தட்டு வைத்தால் போதும். இரண்டு டப்பா இருந்தால் நல்லது. ஒன்று நிரம்பியதும் அதை மட்கவிட்டு, அடுத்ததில் தொடங்கலாம். ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் ஆரம்பம் கொஞ்சம் வேகமாகும். மீன், இறைச்சி, எலும்பு, எண்ணெய், மிச்ச சாம்பார் எதுவும் பால்கனி டப்பாவுக்கு வேண்டாம்.

வாரத்துக்கு இரண்டு முறை கிளறிவிட்டு, ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரம் சரி. தண்ணீராக ஒழுகினால் சருகு சேருங்கள். உதிர்ந்து கொட்டினால் தண்ணீர் தெளியுங்கள். சித்திரை வெயிலில் இது அடிக்கடி தேவைப்படும்.

வாடையையும் கவனிக்கலாம். அழுகிய முட்டை வாடை என்றால் உள்ளே காற்று இல்லை, கிளறணும். மூக்கைக் குத்தும் அமோனியா நெடி என்றால் நைட்ரஜன் கூடிப்போச்சு, சருகு போடணும்.

புழுவைப் பார்த்துப் பயப்படாதீங்க

தடித்த, பழுப்பு நிறப் புழுக்கள் நெளிந்தால் பெரும்பாலும் அவை கருப்புப் படைவீரர் ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை. வளர்ந்த ஈ கடிக்காது, வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டில் மொய்ப்பதும் இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் மேலே மூன்று விரல் உயரத்துக்குச் சருகு போட்டு மூடுங்கள்.

டப்பா நிரம்பியபின் இரண்டு, மூன்று மாதம் ஆகும். பெரிய குவியல் மாதிரி சிறிய டப்பா சூடேறாது என்பதால்தான் இந்தத் தாமதம். 'முப்பதே நாளில் உரம்' என்னும் வீடியோக்களை அப்படியே நம்ப வேண்டாம். அரைகுறையாக மட்கியதைத் தொட்டியில் போட்டால், மண்ணில் இருக்கிற நைட்ரஜனையும் அது இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளடிக்கும். உரத்தின் குறை என்று தெரியாமல், 'நம்ம கைராசி அவ்வளவுதான்' என்று பலர் தோட்டத்தையே விடுவது இந்த இடத்தில்தான்.

தயாரான உரம் கருப்பாக, முதல் மழை மண்வாசனையோடு இருக்கும். சந்தேகமா? ஒரு கப்பில் உரம் போட்டு, பத்து வெந்தயம் தூவுங்கள். நான்கைந்து நாளில் பெரும்பாலானவை பச்சையாக நிமிர்ந்தால் சலித்து எடுக்கலாம். முளை கருகினாலோ, வரவே இல்லை என்றாலோ இன்னும் இரண்டு வாரம் மூடி வையுங்கள். எடுத்த உரத்தோடு செம்மண்ணும் அலசிய கோகோபீட்டும் சம அளவில் கலந்து, ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்தால் தொட்டி மண் ரெடி. முதல் விதைப்புக்குச் சிறுகீரை எடுங்கள். 25, 30 நாளில் பறித்துவிடலாம்.