வெற்றுக் கலனில் ஒரு கருவி

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் முனையத்திற்கு முதல் கொள்கலன் கப்பல் 1972ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் இருக்கும் பொருள் எதுவாயினும் பெட்டியின் வடிவம் ஒன்றே என்பதால், அதனை ஏற்றுவதும் இறக்குவதும் எளிதாயின. இக்கருத்தையே பின்னாளில் மென்பொருள் உலகம் கடனாகப் பெற்றது. 2013இல் வெளிவந்த டாக்கர் என்னும் மென்பொருளின் பெயருக்குத் துறைமுகத் தொழிலாளி என்பதே பொருள்.

ஒரு நிரலையும் அது இயங்க வேண்டிய கோப்புகளையும் ஒன்றாகக் கட்டிய பொதியே கொள்கலப் படிமம் ஆகும். அப்பொதிக்குள் எதை வைப்பது, எதை விடுப்பது என்பதே இங்கு நாம் ஆராயும் வினா.

ஜேக்யூ என்னும் கட்டளைவரிக் கருவியைச் சான்றாகக் கொள்வோம். ஜேசன் வடிவில் அமைந்த தரவிலிருந்து வேண்டிய பகுதியைப் பிரித்தெடுப்பது அதன் பணி. 2012இல் தோன்றிய இக்கருவி சி மொழியில் எழுதப்பட்டது. இதனைக் கட்டுவதற்குத் தொகுப்பியும் மூலநிரலும் துணைக்கருவிகள் பலவும் தேவை. இயக்குவதற்கோ அவற்றுள் ஒன்றும் வேண்டா. ஆதலின் படிமம் கட்டும் பணி இரு நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. டாக்கரில் இவ்வசதி 2017இல் சேர்ந்தது.

முதல் நிலையில், டெபியன் இயங்குதளத்தின் மீது நிரல் தொகுக்கப்படுகிறது. வேண்டிய நூலகங்கள் யாவும் நிரலுக்குள்ளேயே பிணைக்கப்படுகின்றன. இரண்டாம் நிலை, ஸ்க்ராட்ச் எனப்படும் வெற்றுப் படிமத்திலிருந்து தொடங்குகிறது. அதில் கோப்பு ஒன்றுகூட இல்லை. அங்கே படியெடுத்து வைக்கப்படுவன மூன்றே: நிரல், அதை உருவாக்கியோர் பட்டியல், உரிமக் குறிப்பு. வீடு எழுந்தபின் சாரத்தைப் பிரித்து அகற்றுவது போன்றது இது.

இதனால் விளையும் நன்மை இரண்டு. படிமம் விரைவில் வந்திறங்குகிறது. உள்ளே கட்டளை ஓடு எனப்படும் ஷெல் இல்லாமையால், ஊடுருவ முயல்வோர் கைக்கொள்ளத்தக்க கருவிகளும் அங்கு இல்லை. எனினும், உள்ளே பிணைத்த நூலகத்தில் குறை தோன்றினால் அக்கோப்பை மட்டும் மாற்ற இயலாது; படிமத்தை மீண்டும் கட்டியே வெளியிட வேண்டும்.

வெற்றுக் கலனில் மறைந்திருக்கும் இடர் ஒன்றையும் நாம் அறிதல் வேண்டும். சிங்கப்பூர், மலேசிய நேரம் உலகப் பொது நேரத்திற்கு 8 மணி முந்தியது. நேர வலயக் கோப்புகள் இல்லாத படிமத்தில் சிங்கப்பூரின் உள்ளூர் நேரத்தைக் கேட்டால் கருவி பிழை எதுவும் கூறுவதில்லை. உலகப் பொது நேரத்தையே தந்துவிடுகிறது. திங்கள் காலை 7 மணிக்குப் பதிவான செய்தி, ஞாயிறு இரவு 11 மணி எனத் தோன்றும். நாளே மாறிப்போகிறது, எச்சரிக்கையோ இல்லை.

தமிழுக்கு அத்தகைய ஊறு நேர்வதில்லை. மொழிக் கோப்புகள் இல்லாவிடினும் யூடிஎஃப்-8 குறிமுறையைக் கருவி தானே கையாள்கிறது. ஆனால் 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என விடை தரும். நாம் மூன்றாக எண்ணும் எழுத்துகள் யூனிகோடில் ஐந்து குறிகளாக அமைவதே காரணம். இது கருவியின் இயல்பேயன்றிக் கலனின் குறையன்று. வெளியிடுமுன் உள்ளூர் நேரத்தையும் தமிழ்த் தரவையும் இட்டுச் சோதித்தால்தான் எது எதனால் நேர்கிறது என்பது தெளிவாகும்.

வெளியிடும்போது படிமத்திற்குப் பதிப்புப் பெயர் இடுகிறோம். அப்பெயரைப் பின்னர் வேறொரு படிமத்திற்கும் மாற்றி ஒட்டலாம். உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஷா-256 என்னும் சுருக்கக் குறியோ, ஒரு பைட் மாறினும் வேறாகிவிடும். ஆகவே பெறுபவர் அக்குறியைக் கொண்டே படிமத்தைக் குறிப்பிடுதல் நன்று.

ஒவ்வொரு கோப்பையும் நீக்குமுன், 'இதனை நாளை எவர் கேட்பார்?' என நாம் வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை கண்டபின் எஞ்சுவதே உண்மையில் சிறிய படிமம்.