உறையும் நீரும் உறங்கும் படகும்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வலுக்கத் தொடங்கினால் எங்கள் வடகரையில் வள்ளங்கள் மேட்டுக்கு ஏறிவிடும். கடல் எப்போது பொறுக்கும், எப்போது பொறுக்காது என்பதை எவரும் ஏட்டில் எழுதிப் படிப்பித்ததில்லை. தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வந்த அறிவு அது. அதே ஐப்பசியில் ஒஸ்லோவின் படகுத்துறைகளிலும் படகுகள் கரையேறுகின்றன. இங்கே பகை காற்று அன்று, உறையும் நீர்.

இந்த வேறுபாட்டை அறியாமைக்கு நாங்கள் கொடுத்த விலை சிறிதன்று. நான்கு குடும்பங்கள் சேர்ந்து, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பழைய கண்ணாடிநார்ப் படகொன்றை வாங்கினோம். எங்களுள் ஒருவர் பதினைந்து வயதிலேயே கடலுக்குப் போனவர். இந்நாட்டில் மொழி முதல் வேலை வரை எல்லாவற்றையும் பிறரிடம் கற்க வேண்டியிருந்த அவர், அந்தப் படகில் மட்டும் எங்களுக்கு ஆசானாக இருந்தார். கரையிலே விரிவுரை நிகழ்த்தப் பழகிய நான் அவரிடம் கயிறு கட்டக் கற்றேன். கோடையில் கும்பளாவின் உறவான மக்ரெல் மீன் நிறையக் கிடைத்தது. குளிர்காலம் வந்தபோது, "கடலில் நிற்கப் பிறந்த வள்ளத்துக்கு என்ன வரப்போகிறது?" என்றார் அவர். நாங்களும் தலையசைத்தோம்.

மாசியில் துறைக்குச் சென்றபோது, கடையார் என்று நம்மவர் அழைக்கும் பின்பகுதி நீருள் அமிழ்ந்து, அணியம் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் கியர்ப் பெட்டி நெடுக வெடித்திருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று போனது பணம் மட்டும் அன்று என்பதை அந்த மௌனம் சொல்லிற்று.

நடந்தது என்ன? பெய்த பனி படகினுள் குவிந்தது. அதன்மேல் மழை பெய்ய, பஞ்சுபோன்ற பனி நீரை உறிஞ்சிப் பாரமாயிற்று. இயந்திரத்தின் எடையால் முன்னமே தாழ்ந்திருந்த கடையார் மேலும் தாழ்ந்தது. நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டிய வடிகால் துளைகள் கீழே சென்றன. மழைநீரை வெளியேற்ற வைத்த வழியாலேயே கடல் உள்ளே வந்தது.

இயந்திரத்தின் கதை வேறு. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கிறது. அடைபட்ட இடத்தில் அந்தப் பருமனுக்கு இரும்பும் அலுமினியமும் ஈடுகொடா. தேய்ந்த அடைப்பு வளையத்தின் வழியே கியர் எண்ணெயுடன் கலந்திருந்த சிறிதளவு நீரே பெட்டியைப் பிளந்தது.

கடல்நீர் எளிதில் உறையாது என்று நம்புவதும் தவறு. உப்பு மிகுந்த பெருங்கடல் நீர் ஏறத்தாழ மறை 1.9 பாகையில் உறையும். ஆனால் ஒஸ்லோவின் உட்பியோர்ட், துரோபாக் அருகேயுள்ள ஒடுங்கிய வாயிலால் வெளிக்கடலிலிருந்து பிரிக்கப்பட்டுள்ளது. அக்கர்செல்வா முதலிய ஆறுகள் அதில் நன்னீரைச் சொரிகின்றன. அமைதியான, உப்புக் குறைந்த மேற்பரப்பு முந்தி உறைகிறது.

ஆகவே செய்ய வேண்டியவை எவை? இயலுமாயின் படகைக் கரையேற்றுங்கள். அணியத்தைச் சற்று உயர்த்தி, கடையாரிலுள்ள அடைப்பானைக் கழற்றி, நீர் தானே வடிய விடுங்கள். மூடும் விரிப்பைக் கூரைபோலச் சரிவாக அமைத்து, காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுங்கள். தட்டையான விரிப்பு பனியைத் தாங்கும் தொட்டியாகிவிடும். படகு நீரிலேயே நிற்க வேண்டுமாயின், ஒவ்வொரு பனிப்பொழிவின் பின்னும் பனியை அகற்றி, கயிறுகளைப் பாருங்கள். வழுக்கும் துறைக்குத் தனியே செல்லாதீர்கள்; உயிர்காப்பு அங்கி அணியுங்கள்.

இயந்திரத்தை நன்னீரால் கழுவி, உப்பைப் போக்குங்கள். நீரின்றி ஒருபோதும் இயக்காதீர்கள். நீரிறைக்கும் ரப்பர்ச் சுழலி கருகிவிடும். பின்னர் அதை நிமிர்த்தியே வையுங்கள். உள்ளே நின்ற நீர் வடிந்துவிடும். கியர் எண்ணெயை மாற்றும்போது அது பால்போல வெளிறியிருந்தால் நீர் புகுந்துள்ளது என்பது பொருள். அடைப்பு வளையத்தை உடனே மாற்றுங்கள். சிறிய இயந்திரத்தைக் கழற்றி உலர்ந்த இடத்தில் வைக்கலாம். கழற்ற இயலாத பெரிய இயந்திரமாயின் படகைக் கரையேற்றுவதே அறிவுடைமை.

பற்றரியைக் கழற்றி முழுதாக மின்னேற்றி வையுங்கள். நிறைந்த பற்றரி கடுங்குளிரையும் தாங்கும். வெறுமையானது மறை 10 பாகையளவிலேயே உறைந்து வெடிக்கலாம். தொடர்மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் பெற்றோல் தாங்கியை நிலவறையில் வைத்தல் ஆகாது. அதன் ஆவி ஒரு சிறு பொறியிலும் தீப்பற்றும். காப்புறுதிப் பத்திரத்தில் குளிர்காலக் கண்காணிப்புப் பற்றிய நிபந்தனை உண்டா என்பதையும் படித்துப் பாருங்கள்.

வெளியிணைப்பு இயந்திரத்தை உலகெங்கும் பரப்பிய ஒலே எவின்ரூட் 1877இல் நோர்வேயில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா சென்று குடியேறியவர். மறுதிசையில், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே வந்து மீன்பிடித் துறை பற்றிக் கற்றார். அந்தத் தொடர்பிலிருந்து எழுந்த சீநோர் நிறுவனம், காரைநகரில் படகு கட்டவும் குருநகரில் வலை பின்னவும் வழிசெய்தது. அந்நியக் கடலை அறிந்துகொள்வதால் சொந்தக் கடல் மறந்துபோவதில்லை என்பதற்கு இவர்களே சான்று.

அடுத்த ஐப்பசியில் எங்களுக்கு முன்பே துறைக்கு வந்து நின்றவர் அந்த நண்பர்தான். கையிலே நோர்வேஜிய மொழியில் தாமே எழுதிய வேலைப் பட்டியல். "கடல் புதிது, தம்பி. படிக்கத்தான் வேணும்" என்றார். அவ்வாண்டு அடைப்பானைக் கழற்றியவரும் அவர். எங்களுக்குக் கற்பித்தவரும் அவரே.